உறைக்குழிக்குள் கடல்

வாய்க்கால் வற்றுவது கோடைக்குக் கோடை நடப்பதுதான். அந்த வருஷம் வாய்க்காலின் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த நண்டுகளும் செத்துப்போயின. காலையில் வயலுக்குப் போகிறவர்களின் செருப்புக்கடியில் அவற்றின் ஓடுகள் நொறுங்கின. ஒரு நாள் கொக்குகள் மொத்தமாகக் கிளம்பி எங்கோ போய்விட்டன. அதற்குப் பிறகு நெடுங்காட்டைச் சுற்றியிருந்த வயல்களில் பகல் பொழுது சத்தமே இல்லாமல் கிடந்தது. ஐப்பசி மழை ஏமாற்றியதில் சம்பா பாதி பதராகப் போயிருந்தது. மேட்டூரைத் திறப்பதாக இல்லை என்று டி.வி.யில் சொன்னார்கள். திறந்தாலும் மேலே இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு மிஞ்சியதுதான் கடைமடைக்கு வரும்.

இந்தக் காய்ச்சலிலும் சோமசேகரனின் பருத்தி பச்சையாக நின்றது. காரணம் அவர் வயலில் இருந்த போர். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு போராகக் காற்றைத் துப்பத் தொடங்கியிருந்தது. நிலத்தடித் தண்ணீர் கீழே இறங்கிவிட்டதால் மேலே வைத்த மோட்டாரால் அதை இழுக்க முடியவில்லை. சோமசேகரன் மாசி மாதமே சுதாரித்துக்கொண்டார். குழாயைச் சுற்றி இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, மண் சரியாமலிருக்கச் சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் மோட்டாரை உட்காரவைத்தார். இறங்கி ஏற ஓர் இரும்பு ஏணி. கரண்ட் இருக்கும் நேரத்தில் அந்தக் குழிக்குள்ளிருந்து மோட்டார் முனகும். மேலே தொட்டியில் தண்ணீர் விழும். பக்கத்து வயல்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தத் தொட்டிக்குத்தான் வந்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தது மாடுகள்தான். வைகாசி பிறந்த சமயம். சோமசேகரனின் மனைவி ராஜம் வீட்டுப் பசுவைத் தொட்டிக்குக் கொண்டுவந்து விட்டாள். பசு மூக்கைத் தண்ணீர்வரைக்கும் கொண்டுபோய், உஸ்ஸென்று மூச்சுவிட்டு, தலையை இழுத்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்து அழுத்தினாலும் வரவில்லை. அது கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாங்கியபோது ராஜத்துக்கு எரிச்சல் வந்தது.

"என்ன கேடு வந்துச்சு ஒனக்கு? ஊரே குடிக்குது, ஒனக்கு மட்டும் கசக்குதா?"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் ஒரு வாய் அள்ளிக் குடித்தாள். உப்புக் கரித்தது. துப்பிவிட்டு மறுபடியும் அள்ளியபோதுதான் அந்த வாசனை வந்தது. ஈரமான கயிறு, பாசி, மீன் செதில், இவற்றோடு இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. கடல் வாசனை.

அந்த வாசனை அவர்கள் வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கடைசியாக அதைக் கொண்டுவந்தவர் சோமசேகரன்தான். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் வாங்குவதற்காக மகள் வெண்மதியை வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனார். வெண்மதிக்கு அப்போது ஆறு வயது. ராஜம் வீட்டில் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் யாரோ ஒருவரின் கைலியைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கீறலோடு சோமசேகரன் தனியாக வந்தார். வெண்மதி கிடைக்கவில்லை. உயிரோடும் கிடைக்கவில்லை, வேறு விதமாகவும் கிடைக்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று ராஜம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. மறு வருஷம் மணிபாரதி பிறந்தான். வளர்ந்து பாண்டிச்சேரியில் படிக்கப் போனான். அவனைக்கூட அவர்கள் ஒரு நாளும் கடற்கரைக்குக் கூட்டிப்போனதில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ராஜம் சொன்னாள். "போர் தண்ணி உப்பாயிருக்குங்க. மாடு வாய வைக்க மாட்டேங்குது."

சோமசேகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். "தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"நாலஞ்சு நாளா."

"சொல்லவே இல்லையே நீங்க."

அவர் முகத்தில் கவலை இல்லை என்பதை ராஜம் அப்போது கவனித்தாள். பருத்தி காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் உப்பானால் ஒரு சம்சாரியின் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அது இல்லை.

சில நாளில் தண்ணீரோடு மணல் வந்தது. வயல்களின் கறுப்பு மண்ணில்லை, வெளுத்த, சன்னமான மணல். தொட்டியின் அடியில் அது படிந்தது. அதில் கிளிஞ்சல் துண்டுகள் கிடந்தன. நகம் அளவுக்கு, வழுவழுவென்று. பருத்தி பறிக்க வந்த காசியம்மா அதில் ஒன்றைப் பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்துத் தெருக்காரி. வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்றைக்கு அதைச் சட்டென்று கீழே போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கடல் எங்க இருக்கு, நம்ம ஊரு எங்க இருக்கு? பஸ் புடிச்சுல்ல போவணும்?" என்றாள்.

மணல் அரைத்து மோட்டார் நின்றது. மெக்கானிக் மதார் சாகிப் வந்தார். இறங்குவதற்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டிக் குழிக்குள் இறக்கிப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது. பிறகுதான் ஏணியில் கால் வைத்தார். மோட்டாரைக் கழற்றிக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார். உள்ளே இருந்த இரும்பு, சொறி பிடித்ததுபோல அரித்திருந்தது.

"மேல இருந்த நல்ல தண்ணிய எல்லாரும் உறிஞ்சிட்டோம் தங்கச்சி. அது இருந்த வரைக்கும் கடல்தண்ணிய அந்தப் பக்கமே அமுக்கி வச்சிருந்துச்சு. இப்ப எடம் காலி. அது பூமிக்கடியிலயே நடந்து வருது" என்றார் ராஜத்திடம்.

"நடந்துன்னா?"

"மெதுவா வருதுங்கறதுக்குச் சொன்னேன்." அவர் பேச்சை மாற்றினார். "மோட்டாரு வர ஒரு வாரமாவும். அதுவரைக்கும் குழிக்குள்ள யாரும் எறங்க வேணாம். குழாய் வாய் தொறந்து கெடக்கு. உள்ள காலியா இருக்கறதுனால காத்து போயிப் போயி வரும். காலையில உள்ள இழுக்கும், உச்சி சாஞ்சா வெளிய விடும். அந்தக் காத்து நல்ல காத்து கெடையாது. சோமு அண்ணங்கிட்டயும் அழுத்திச் சொல்லுங்க."

ராஜம் சொன்னாள். சோமசேகரன் "சரி" என்றார்.

மறுநாள் காலையில் அவர் முகச்சவரம் செய்துகொண்டார். வாரத்துக்கு ஒரு தடவை செய்துகொள்கிறவர், அடுத்த நாளும் செய்துகொண்டார். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். மோட்டார் இல்லாத, தண்ணீர் இல்லாத வயலுக்கு.

"எங்கயாவது போறீங்களா?"

"வயலுக்குத்தான்."

"வெள்ளைச் சட்டை எதுக்கு?"

"அழுக்காப் போறதுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

பருத்தி வாடத் தொடங்கியது. இலைகள் தொங்கின. பிஞ்சுகள் கொட்டின. காசியம்மாவும் ராஜமும் வெடித்ததைப் பறித்துக்கொண்டிருந்தபோது சோமசேகரன் செடிகளுக்கு நடுவே நேராக நடந்துபோனார். ஒரு செடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழியின் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார். வெயில் ஏறி, வரப்புகள் நெளிவதுபோலக் கண்ணுக்குப் பட்ட நேரத்திலும் அவர் அசையவில்லை. நடுநடுவே அவர் தலை ஆடியது. யாரோ ஒருவர் சொல்வதைக் கேட்டு, ஆமாம் ஆமாம் என்பதுபோல.

"அண்ணன் யாருகூட அக்கா பேசிக்கிட்டிருக்காரு?" என்று காசியம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

ராஜம் மடியிலிருந்த பஞ்சை அவளிடம் கொட்டிவிட்டுக் குழியை நோக்கிப் போனாள். கிட்டப் போகப்போக அவளுக்கும் கேட்டது. குழியின் அடியில் திறந்து கிடந்த குழாயிலிருந்து ஒரு சத்தம். நீளமாக உள்ளே இழுத்து, ஓரிடத்தில் நின்று, பிறகு பரபரவென்று வெளியே வந்தது. அலை கரையில் ஏறிவிட்டு மணலை அரித்துக்கொண்டு இறங்கும் சத்தம். அவள் பாதங்கள் காய்ந்த வெடிப்பின்மேல் இருந்தன. தலைக்குமேல் மேகத்துண்டுகூட இல்லை. காதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கேக்குதா?" என்றார் சோமசேகரன். அவர் கண்கள் பளபளத்தன. "ஒனக்கும் கேக்குதுல்ல?"

"காத்துங்க. பாய்தான் சொன்னாருல்ல."

"காத்து சத்தம் தனியா இருக்கு. அதுக்கு நடுவுல கேளு." அவர் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பல வருஷங்களுக்குப் பிறகு வெட்ட வெளியில் அவர் அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். "வந்துட்டா ராஜம். இவ்வளவு தூரம் வந்திருக்கா. அப்பா, அப்பான்னு கூப்புடுறா."

ராஜம் காது கொடுத்தாள். இழுப்பும் விடுப்பும்தான் கேட்டன. அவற்றுக்கு நடுவில் ஏதோ இருந்ததா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று தப்பாக இருந்தது. அது என்னவென்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெண்மதி ஒரு நாளும் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் பெரியவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுப் பேச்சு வந்த நாளிலிருந்து பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். மாறவில்லை. அவரும் அதை உள்ளுக்குள் ரசித்தார்.

"என்னங்க," என்றாள் ராஜம். "நம்ம பொண்ணு ஒங்கள அப்பான்னா கூப்புடும்?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"சோமுன்னுதானங்க கூப்புடும்? வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, சோமு, சோமுன்னு ஓடி வருமே. மறந்துபோச்சா?"

கணவன் பெயரை ராஜம் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சொன்னபோது குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. உள்ளே இழுத்ததற்கும் வெளியே விடுவதற்கும் நடுவில் வரும் நிறுத்தம்தான். ஆனால் இந்த முறை அது நீண்டுகொண்டே போனது.

சோமசேகரன் யோசித்தார். பிறகு சிரித்தார். பாசமான, விட்டுக்கொடுக்கிற சிரிப்பு.

"அது சின்னப் புள்ளையில. இத்தன வருஷம் ஆச்சு ராஜம். இன்னமும் பேரச் சொல்லியா கூப்புடுவா? வளந்துட்டால்ல."

ராஜத்தால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வேகமாக நடந்தாள். பின்னால் குழாய் மறுபடியும் மூச்சுவிடத் தொடங்கியது.

அன்றைக்கே அவள் மகனுக்குப் போன் செய்தாள். மணிபாரதி பரீட்சை முடிந்ததும் வருவதாகவும், அப்பாவை டாக்டரிடம் காட்டலாம் என்றும் சொன்னான். மதார் சாகிப்புக்கும் போன் செய்து, மோட்டார் வராவிட்டாலும் பரவாயில்லை, வந்து குழாய் வாயை மூடிவிட்டுப் போங்கள் என்றாள். அவர் அவள் குரலைக் கேட்டுவிட்டு மறுநாளே வருவதாகச் சொன்னார். ராஜம் வீட்டில் இருந்த மரப்பலகைகளைக் கொண்டுபோய்க் குழியின்மேல் போட்டுக் கல்லை ஏற்றி வைத்தாள். சோமசேகரன் தடுக்கவில்லை. ஒரு பெரிய மனுஷர் குழந்தைகளின் விளையாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சோமசேகரன் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டார். ராஜம் கஞ்சியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது உச்சி சாய்ந்துவிட்டது. தார் ரோடு காலியாக இருந்தது. காசியம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கூட வந்தாள். வரப்பில் ஏறியதும் ராஜத்துக்கு முதலில் கண்ணில் பட்டது பலகைகள். அவை ஓரமாக, ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் அவர் செருப்பு ஜோடியாக இருந்தது. கோயிலுக்குள் போகிறவர் கழற்றி வைப்பதுபோல.

தூக்குவாளி கீழே விழுந்தது. அவள் ஓடினாள்.

குழியின் அடியில் சோமசேகரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஒரு கை குழாயின் வாயைச் சுற்றி அணைத்திருந்தது. கன்னம் அதன்மேல் பதிந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. அவர் முகத்தில் இருந்த நிம்மதியை ராஜம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்த்ததில்லை.

"என்னங்க! என்னங்க! ஏந்திரிங்க!"

அசைவில்லை.

மதார் சாகிப் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் ஏணியில் கால் வைத்தாள். காசியம்மா கத்தியது காதில் விழுந்தது. இடுப்புவரை இறங்கியதும் வெக்கை அறுந்தது. காலைச் சுற்றிக் குளிர்ந்த காற்று. அவ்வளவு நாளாகத் தீயாய்ச் சுட்ட உடம்புக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவள் பிறகு நினைத்து வெட்கப்பட்டாள். இன்னும் இரண்டு படி இறங்கி மூச்சை இழுத்தாள். பாசி வாசனை நெஞ்சு முழுக்க நிறைந்தது. தலை லேசானது. கை ஏணியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எதற்காக இறங்கினோம் என்பது அவளுக்கு நழுவத் தொடங்கியது.

அப்போது கீழேயிருந்து கேட்டது.

"சோமு."

சின்னப் பெண்ணின் குரல். கொஞ்சம் கரகரப்பாக, 'மு'வை இழுத்து. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் வரும் அதே குரல்.

"சோமு."

ராஜத்தின் நெஞ்சு அந்தக் குரலை நோக்கிப் பாய்ந்தது. ஒரு கால் அடுத்த படியைத் தேடி இறங்கியது. பெற்றவளுக்குத் தெரியாதா? அவள்தான். அவளேதான். இன்னும் நாலு படி இறங்கினால் போதும்.

அந்தக் கால் படியைத் தொடுவதற்குள் வேறொன்று அவளுக்குள் விழித்துக்கொண்டது. நேற்றுவரை இது அப்பா என்றுதானே கூப்பிட்டது. சோமு என்று யார் சொல்லிக்கொடுத்தது? குழியின் விளிம்பில் உட்கார்ந்து, வாய் விட்டு, நான்தான் சொன்னேன். நான் சொன்னபோது அது மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டது.

அவள் கத்த நினைத்தாள். குரல் வரவில்லை. கண் இருண்டது. மேலேயிருந்து ஒரு கை அவள் கொண்டையை முரட்டுத்தனமாகப் பிடித்தது. இன்னொரு கை அக்குளுக்குள் புகுந்தது. காசியம்மா குப்புறப் படுத்துக்கொண்டு, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அவளை வெயிலுக்குள் இழுத்துப் போட்டாள்.

மதார் சாகிப்பின் வண்டி வரப்பில் வந்து நின்றது அப்போதுதான். அவர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். வயலோரக் கொட்டகையில் மாட்டியிருந்த, மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை எடுத்து ஸ்டார்ட் செய்து, அதன் குழாயைக் குழிக்குள் விட்டுக் காற்றை அடித்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வயல் நடராசனும் இன்னும் சிலரும் ஓடிவந்தார்கள். மெழுகுவர்த்தியை இறக்கினார்கள். முதல் தடவை அது பாதியிலேயே அணைந்தது. மறுபடி காற்று அடித்தார்கள். அணையாமல் நின்றதும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வாயில் கலிமா ஓடிக்கொண்டிருக்க, மதார் சாகிப் இறங்கினார்.

சோமசேகரனின் கையைக் குழாயிலிருந்து பிரிக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருந்ததாக அவர் பிறகு சொன்னார். "மயக்கத்துல இருக்கறவன் கையி தொவண்டுதான் கெடக்கும். இது அப்புடி இல்ல."

மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் காரைக்காலுக்குக் கொண்டுபோனார்கள். காற்று கெட்டுப்போன குழிக்குள் இறங்கினால் ஆள் போவது புதிதில்லை என்றும், பிழைத்தது அதிர்ஷ்டம் என்றும் டாக்டர் சொன்னார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சோமசேகரன் படுத்திருந்தார். ராஜம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கமாகக் கடல் காற்று வரும்போதெல்லாம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

காசியம்மா பார்க்க வந்தாள். போகும்போது வராந்தாவில் ராஜத்தை நிறுத்தினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ஏணியில நின்னுக்கிட்டு அண்ணன் பேரச் சொல்லிக் கூப்டீங்கல்ல, ரெண்டு தடவ. நீங்க பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்கு ஒடம்பு நடுங்கிடுச்சு. கொரலே ஒங்க கொரல் மாதிரி இல்ல."

ராஜம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் வாயைத் திறக்கவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் அந்த நிச்சயம் தளர்ந்தது. காற்று தலைக்கேறி, தன் தொண்டையிலிருந்தே தன் மகள் குரல் வந்திருக்குமோ? எது நடந்திருந்தாலும் பயப்பட வேண்டியதுதான்.

"ஆமா," என்றாள். "பதட்டத்துல வாயில வந்துடுச்சு."

சோமசேகரன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, மணிபாரதி வந்து பக்கத்தில் இருக்க, ராஜம் ஊருக்குப் போய் வேலையை முடித்தாள். மதார் சாகிப் குழாய்க்கு மூடி போட்டு மேலே காங்கிரீட் கொட்டினார். டிராக்டரில் மண் வந்தது. உறையின் விளிம்புவரை நிரப்பி, மேலே மேடாகக் குவித்து, ஆட்களை விட்டு மிதிக்கச் சொன்னாள். கடைசியில் தானும் ஏறி மிதித்தாள். காலுக்கடியில் மண் கெட்டிப்படும்வரை மிதித்தாள். உள்ளங்கால் கொப்பளித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சோமசேகரன் வயலுக்குப் போய்ப் பார்த்தார். கருகிய பருத்திச் செடிகளுக்கு நடுவில் அந்த மேட்டின்முன் நின்றார். கோபப்படுவார் என்று ராஜம் எதிர்பார்த்தாள். அவர் கைத்தடியால் மண்ணை மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"மூடிட்டா அவ எங்க போவா?" என்றார். குழந்தை கேட்பதுபோல இருந்தது.

"அவ போயி எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. நீங்கதான் இங்க இருக்கீங்க. எனக்கு நீங்க வேணும்."

அவர் திரும்பி நடக்கும்போது பாதி வழியில் நின்றார்.

"நீயும் எறங்குனியாமே. ஒண்ணுமே கேக்கலியா ஒனக்கு?"

அவர் கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது. கேட்டது என்று சொன்னால் அவர் அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துவிடுவார். கேட்கவில்லை என்றால் மகளை இரண்டாம் தடவை அவரிடமிருந்து பிடுங்குவதாக ஆகும். இரண்டும் ராஜத்துக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இல்லங்க," என்றாள். "காத்துதான்."

ஐப்பசியில் மழை வந்தது. தப்பாமல், விடாமல், ஊரே அலுத்துக்கொள்கிற அளவுக்குப் பெய்தது. வாய்க்கால் நிரம்பி வரப்பைத் தொட்டது. கொக்குகள் திரும்பின. சோமசேகரன் தாமதமாகவாவது நட்டுவிட வேண்டும் என்று சேற்றில் இறங்கினார். முன்பைவிட மெலிந்திருந்தார். மேட்டைச் சுற்றி ஒரு களம் அளவுக்கு மண் வெளுத்துக் கிடந்தது. அங்கே நட்ட நாற்று பிடிக்கவில்லை. அவர் அதைத் திரும்ப நடவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மகள் பெயரையும் அவர் பிறகு எடுக்கவில்லை. ராஜத்துக்கு அது நிம்மதியா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

களை எடுக்கும் நாட்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே போவார்கள். காசியம்மாவின் வாய் முன்னைவிட அதிகமாக ஓடியது. ராஜம் மட்டும் அந்த வயலில் வாய் திறப்பதில்லை. ஆள் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டினாள். பிள்ளைகளைப் பற்றி யாராவது பெயர் சொல்லிப் பேச்செடுத்தால், அந்தப் பக்கம் போய்ப் பேசுங்கள் என்று சாடை காட்டினாள். வெயிலும் பயமும் சேர்ந்து அவளுக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு மணிபாரதி வந்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வயலுக்கு வந்து, தூரத்து வரப்பில் நின்றுகொண்டு "அம்மா!" என்று கூப்பிட்டான்.

கதிருக்கு நடுவில் குனிந்திருந்த ராஜம் சட்டென்று நிமிரவில்லை. குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பி, வரப்பில் ஆள் நிற்கிறதா என்று பார்த்தாள். சட்டை தெரிந்தது. பை தெரிந்தது. முகம் தெரிந்தது. அதற்குப் பிறகும் அவள் பதில் குரல் கொடுக்கவில்லை. பெயர் சொல்லி வாடா என்று அழைக்கவில்லை. சேற்றில் கால் புதையப் புதைய வயலின் முழு நீளத்தையும் நடந்து கடந்து, வரப்பில் ஏறி, அவன் தோளைத் தொட்டாள்.